டபுள் டேப்பா, கம்மா, பியூஆரா: கழற்றிய டிஸ்ப்ளேயை எதைக் கொண்டு மூடுவது?

உடைந்த டிஸ்ப்ளேயைக் கழற்றிப் புதியதை மாட்ட அரை மணி நேரம் போதும். மாட்டிய டிஸ்ப்ளே பிரேமோடு முழு வலுவில் பிடித்துக்கொள்ள, எந்தப் பொருளைக் கொண்டு ஒட்டினாலும், ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். பல்லடத்தில் நான் நடத்தி வரும் பழுதுபார்க்கும் கடையில் முதல் வேலையைப் பற்றி வாடிக்கையாளர்கள் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள்: ஒரிஜினலா, நகலா, வாரண்டி எத்தனை மாதம் என்று. இரண்டாவது வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் சரிசெய்து கொடுத்த போன் ஆறு மாதத்தில் திரும்பி வருவதும் வராமல் இருப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையைப் பொறுத்தே இருக்கிறது.

எங்கள் பகுதியில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. என் மேசைக்கு வரும் போன்களும் டேப்லெட்டுகளும் பார்கோடு ஸ்கேனர்களும் விசைத்தறிக் கூடம், பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, கறிக்கோழிப் பண்ணை, கோவைப் பக்கத்து வார்ப்பட ஆலை ஆகிய இடங்களில் நாள் முழுவதும் கையாளப்படுபவை. தறிக் கூடத்திலிருந்து வரும் போனைத் திறந்தால், ஒட்டு விலகிய மூலையில் பஞ்சுத் தூசி நசுங்கி ஒரு மெல்லிய திரி போலப் படிந்திருக்கும். வேர்வையோ மழைத்துளியோ அந்த விளிம்பில் பட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்தப் பஞ்சு ஈரத்தை உள்ளே இழுத்துச் செல்கிறது. ஆகவே, நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் கால் மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும், மீதி விளிம்பு முழுவதும் நன்றாக ஒட்டியிருப்பதால் பயனில்லை.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். டிஸ்ப்ளேயின் மேல் கண்ணாடியைப் பேனலோடு ஒட்டும் ஓசிஏ படலமும், புற ஊதா ஒளியில் இறுகும் லோகா திரவமும் வேறு வேலைக்கானவை; அவை ஒளி தெளிவாகக் கடந்து வருவதற்காக உருவாக்கப்பட்டவை. இந்தக் கட்டுரையில் பேசுவது, முழு டிஸ்ப்ளே தொகுதியை, அதாவது நாங்கள் காம்போ என்று சொல்வதை, பிரேமின் விளிம்பில் ஒட்டும் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் அகல ஒட்டைப் பற்றியது.

அந்த மெல்லிய கோடு கண்ணாடியைப் பிடித்து வைப்பதோடு தண்ணீரையும் தூசியையும் தடுக்கிறது. வெளியே தெரியாத இன்னொரு வேலையும் அதற்கு உண்டு: கண்ணாடியும் பிரேமும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை, அந்த வேறுபாட்டை ஒட்டுதான் தாங்க வேண்டும். 15 செ.மீ. நீளமுள்ள ஒரு போன் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம்; சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் இது எளிதாக நடக்கும். அப்போது கண்ணாடி ஏறத்தாழ 0.05 மி.மீ. நீளும். அலுமினிய பிரேம் 0.14 மி.மீ. நீளும். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பிரேமாக இருந்தால் 0.4 மி.மீ. வரை நீளும். வேறுபாட்டை இரு முனைகளுக்கும் பாதியாகப் பிரித்தால், அலுமினியத்தில் ஒவ்வொரு முனையிலும் 0.05 மி.மீட்டருக்குக் குறைவு, பிளாஸ்டிக்கில் கிட்டத்தட்ட 0.18 மி.மீ. ஒட்டின் தடிமனே 0.2 மி.மீ. அளவில்தான் இருக்கிறது என்பதால், பிளாஸ்டிக் பிரேமில் ஒட்டு தன் தடிமனுக்கு ஏறக்குறைய சமமான தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. தினமும் இது நடந்தால், கல் போல் இறுகும் எந்தப் பசையும் விரிசல் விடும். சூப்பர் குளூவையும் எபாக்சியையும் நான் இந்த வேலைக்கு மேசைப் பக்கமே கொண்டுவராததற்கு இது முதல் காரணம். சூப்பர் குளூவின் ஆவி அக்கம்பக்கத்தில் வெள்ளைப் பூச்சாகப் படிந்து கேமரா கண்ணாடியைக் கெடுக்கும் என்பதும், எபாக்சி போட்டதை மறுபடி திறக்கவே முடியாது என்பதும் அடுத்த காரணங்கள்.

மீதமிருப்பவற்றில் என் முதல் தேர்வு மாடலுக்கேற்ப வெட்டப்பட்டு வரும் டபுள் டேப். தொழிற்சாலையிலிருந்து வரும் பல போன்களிலும் இதே வகை ஒட்டுத்தான் இருக்கிறது. 2016-இல் வந்த ஐபோன் 7, ஐபி67 என்ற தூசி, தண்ணீர்த் தடுப்புத் தரத்தோடு வெளிவந்தபோது, அதன் டிஸ்ப்ளேயைச் சுற்றி இப்படியொரு ஒட்டுப் பட்டைதான் தண்ணீரைத் தடுத்தது. அக்ரிலிக் ஒட்டு கொண்ட இந்தப் பட்டைகளின் பெரிய நன்மை, அவற்றின் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பது. ஸ்பீக்கர் வலை, சென்சார், காற்றுத் துளை ஆகியவற்றுக்கான இடைவெளிகள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருப்பது. வழிந்து எங்கும் பரவாதது. அடுத்த முறை திறக்கும்போது சூட்டில் இளகி, பெரும்பாலும் கண்ணாடியை உடைக்காமல் விட்டுவிடும்.

ஆனால் டேப்பை வைத்து விரலால் ஒருமுறை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதன் பாதி வலுவைத்தான் பெறுகிறார்கள். 1980-இல் 3எம் நிறுவனம் அறிமுகப்படுத்திய விஹெச்பி வகை அக்ரிலிக் டேப்புகளுக்கு அந்நிறுவனமே தரும் கணக்கு இதைத் தெளிவாக்குகிறது: சாதாரண அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் சுமார் 50 விழுக்காடு, 24 மணி நேரத்தில் சுமார் 90 விழுக்காடு, 72 மணி நேரத்தில் முழு வலு. ஒட்டும் பொருள் கண்ணாடியின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் மெல்ல மெல்லப் பாய்ந்து படிவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். தொடக்கத்தில் தர வேண்டிய அழுத்தமும் குறிப்பிடப்பட்டிருக்கிறது: சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. ஒரு போனைச் சுற்றி ஒட்டும் பட்டையின் மொத்தப் பரப்பு ஆறேழு சதுர சென்டிமீட்டர் இருக்கும் என்பதால், விளிம்பு முழுவதும் சேர்த்து ஆறேழு கிலோ சீராக இறங்க வேண்டும். ரப்பர் பேண்ட் நான்கு போட்டால் அது கட்டிய இடத்தில் மட்டும் அழுத்துகிறது. நான் ஒரு ரப்பர் பலகையில் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பில் மட்டும் படும்படி டிஸ்ப்ளேயின் மேல் வைத்து, அதன் மேல் மளிகைக் கடையில் பயன்படும் 5 கிலோ, 2 கிலோ எடைக்கற்களை ஏற்றுகிறேன். வளைந்த விளிம்புள்ள டிஸ்ப்ளேக்கு இந்த முறை ஆகாது. அதற்கு அந்த மாடலுக்கான அச்சு வேண்டும்.

டேப் தோற்கும் இடங்களும் இருக்கின்றன. முதலாவது, பழைய ஒட்டு முழுவதும் போகாத பிரேம். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருந்தாலே பிடிப்பு குறையும். பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, 99 விழுக்காடு ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, காய்ந்த பிறகு விரல் படாமல் ஒட்ட வேண்டும். தறிப் பட்டணத்தில் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பனியன் துணித் துண்டால் துடைக்காதீர்கள், அது விடும் நூலிழையே ஒட்டின் குறுக்கே கிடந்து தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கும். இரண்டாவது, வளைந்த பிரேம். கீழே விழுந்த போனின் மூலை அரை மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தால், 0.2 மி.மீ. டேப் அந்த இடைவெளியை நிரப்பாது. அழுத்தும்போது ஒட்டியது போல் தோன்றும். கண்ணாடியின் இயல்பான விறைப்பு இரண்டு நாளில் அதைத் தூக்கிவிடும். மூன்றாவது, பழைய மாடல்கள். அவற்றுக்கு வெட்டிய டேப் கிடைப்பதில்லை, 1 மி.மீ. சுருளிலிருந்து நாமே நான்கு துண்டாக வெட்டி ஒட்டினால், நான்கு மூலைகளிலும் இணைப்பு வருகிறது. பிடிப்புக்கு அது போதும். தண்ணீர்த் தடுப்பு என்று அதை அழைக்க எனக்கு மனம் வராது.

இந்த மூன்று இடங்களிலும்தான் கம் உள்ளே நுழைகிறது. கோவையிலிருந்து ஈரோடு வரை எந்தக் கடையிலும் பி-7000 என்ற கம் குழாய் இல்லாத மேசையைப் பார்ப்பது அரிது. மெல்லிய ஊசி மூக்கால் பிரேம் ஓரத்தில் கோடு இழுத்து, சில நிமிடம் விட்டு, டிஸ்ப்ளேயை வைத்துக் கிளாம்ப் போட்டால் எந்த மாடலுக்கும் பொருந்தும். காய்ந்த பிறகும் ரப்பர் போல் இளகிய தன்மையோடு இருப்பதால், மேலே சொன்ன விரிவு வேறுபாட்டை, குறிப்பாகப் பிளாஸ்டிக் பிரேமில், தாங்கிக்கொள்கிறது. டி-7000 இதன் கறுப்பு உடன்பிறப்பு. விளிம்பில் ஒளி கசியும் இடத்தில் அது நல்லது, மற்றபடி பேச்சு ஒன்றுதான்.

இதன் பலவீனம் அது காயும் முறையிலேயே இருக்கிறது. கரைப்பான் ஆவியாகி வெளியேறினால்தான் இந்தப் பசை இறுகும். மேலே கண்ணாடி, கீழே அலுமினியம். இரண்டின் வழியாகவும் ஆவி போகாது. ஒரு மில்லிமீட்டர் அகலக் கோட்டின் இரு ஓரங்கள் வழியாக மட்டுமே அது வெளியேற வேண்டும், அதிலும் ஒரு ஓரம் போனின் உட்புறத்தைப் பார்த்திருக்கிறது. வெளி ஓரம் முதலில் தோல் கட்டிக்கொள்ள, நடுப்பகுதி பிசுபிசுப்பாகவே இருக்கிறது. முழு வலுவுக்கு 24 முதல் 48 மணி நேரம் என்று சொல்வது இதனால்தான். கரைப்பான் போன அளவுக்குப் பசையின் கன அளவும் சுருங்குவதால், சீராக இழுத்த கோட்டிலும் நுண்ணிய வழிகள் திறந்துகொள்கின்றன. ஆகவே கம் போட்ட போனுக்கு நல்ல பிடிப்பு இருக்கலாம். தண்ணீர்த் தடுப்பு இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, அளவு மிஞ்சுவது. இதை நான் என் தவறிலிருந்தே கற்றேன். சற்று வளைந்த அலுமினிய பிரேம் ஒன்றுக்கு, இடைவெளி நிரம்பட்டும் என்று கம்மைத் தாராளமாக விட்டேன். மறுநாள் காலை போனை வாங்கிச் சென்றவர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனார்; அங்கே போய்ச் சேர்ந்த மாலையில் டிஸ்ப்ளேயின் மேல் விளிம்பு தூக்கிவிட்டது. திறந்து பார்த்தபோது, அடிப்பக்கத்தில் காற்று போய்வரும் நுண்துளைப் படலத்தின் மேல் என் பசை வழிந்து மூடியிருந்தது. தண்ணீர்த் தடுப்புள்ள போன்களில், தண்ணீரை விடாமல் காற்றை மட்டும் விடும் இந்தப் படலம் உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியோடு சமப்படுத்துகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே, ஊட்டி 2,240 மீட்டர் அளவில். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் சுமார் 97 கிலோபாஸ்கலிலிருந்து 77 அளவுக்கு இறங்குகிறது. 20 கிலோபாஸ்கல் என்பது 2 மீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம், 7 செ.மீ.க்கு 15 செ.மீ. அளவுள்ள கண்ணாடியின் மேல் அது உள்ளிருந்து வெளியே 20 கிலோவுக்கு மேல் தள்ளும் விசை. காற்றுக்கு வழியில்லாமல், ஒரே ஒரு நாள் காய்ந்த பசை அதைத் தாங்கவில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் போகும் மக்கள் நிறைந்த ஊரில் கடை வைத்திருப்பவர்கள் அந்தச் சிறு படலம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு மாடலிலும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கம் குழாயைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது வழி, தொழிற்சாலைகளில் டேப்புக்கு மாற்றாக மிகுதியாகப் பயன்படும் பியூஆர் எனப்படும் சூட்டில் உருகும் பாலியூரிதேன் பசை. சிரிஞ்சில் வரும் இதை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் கோடாக விடலாம். ஆறியதும் உடனடியாகக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பிறகு காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, ஒன்று முதல் மூன்று நாளில், மறுபடி உருகாத நிலைக்கு மாறும். ஆவியாக வேண்டிய கரைப்பான் இல்லாததால் பி-7000 போல் சுருங்குவதில்லை. டேப்பைப் போலன்றி இடைவெளியையும் நிரப்புகிறது. ஒட்டாகப் பார்த்தால், இந்த மூன்றில் இதுவே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியிருந்தும் தனி ஆள் நடத்தும் கடைக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. சிரிஞ்சைச் சீரான சூட்டில் வைக்கும் கருவியும், காற்றழுத்தத்தால் ஒரே வேகத்தில் விடும் டிஸ்பென்சரும், ஒவ்வொரு மாடலுக்கும் அச்சும் வேண்டும். கையால் விட்டால் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் கட்டி தட்டுகின்றன. திறந்த சிரிஞ்ச் காற்றின் ஈரத்தை வாங்கித் தானாகவே இறுகிவிடுவதால், நாளுக்கு ஒரு போன் ஒட்டும் கடையில் பாதி வீணாகும். ஈரத்தால் இறுகும் பசை என்பதால் பருவமும் குறுக்கிடுகிறது: ஐப்பசி மழையில் நன்றாக இறுகுவது, பங்குனியின் வறண்ட பிற்பகலில் தாமதமாகிறது. இதில் உள்ள ஐசோசயனேட் சேர்மங்கள் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை; டைஐசோசயனேட் 0.1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருட்களைத் தொழிலில் கையாள்பவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஜன்னலில்லாத எட்டடிக் கடையில் அதைச் சூடாக்கி நாள் முழுவதும் முகர்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். திருப்பூரிலோ கோவையிலோ ஒரே மாடல் ஸ்கேனர்களை நூற்றுக்கணக்கில் ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பவர்கள், காற்றுறிஞ்சி வசதியோடு இதில் இறங்கினால் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

சிலிகானைப் பற்றியும் கேட்கிறார்கள். காயும்போது காடி வாடை அடிக்கும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளியிடுவதால் போர்டுக்கும் செம்புக்கும் ஆகாது. வாடையற்ற வகை தீங்கு செய்யாவிட்டாலும், ஒருமுறை சிலிகான் பட்ட பிரேமில் பிறகு டேப்பும் பிடிக்காது, கம்மும் பிடிக்காது. அடுத்து திறக்கப் போகும் பழுதுபார்ப்பவருக்கு நாம் அதைச் செய்யக் கூடாது.

ஆகவே, மேசையில் போனை வைத்ததும் நான் முதலில் பார்ப்பது ஒட்டும் பொருளை அல்ல, பிரேமை. டிஸ்ப்ளேயை ஒட்டாமல் வெறுமனே வைத்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தட்டுகிறேன். எந்த மூலையும் ஆடவில்லை என்றால், வெட்டிய டேப் கிடைக்கும் மாடலுக்கு டேப். ஆடினால் பிரேமை நேராக்குவது அல்லது மாற்றுவது, பிறகு டேப். பிரேமும் கிடைக்காது, டேப்பும் கிடைக்காது என்ற பழைய போனுக்கும் மலிவான பிளாஸ்டிக் பிரேமுக்கும் மட்டும் கம், அதுவும் கோடு நூலளவுக்கு மேல் போகாமல். டேப்பின் மேல் கம்மும் போட்டு இரட்டைப் பாதுகாப்பு என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் பரவலாக இருக்கிறது. பசையின் தடிமன் டேப்பைப் பிரேமிலிருந்து தூக்கி, இரண்டின் பயனையும் குறைக்கிறது என்பதால் நான் அதை நிறுத்திவிட்டேன். திறக்கும்போது ஹாட் பிளேட்டின் சூட்டை நீட்டிக்காமல், பேட்டரிப் பகுதி 60 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் இந்தத் தேர்வோடு சேர்ந்ததே. டேப் குறைந்த சூட்டில் விடுவது அதற்கும் உதவுகிறது.

சாயப்பட்டறைக்கும் பண்ணைக்கும் புதிதாகக் கருவி வாங்குபவர்களுக்கு நான் வேறொன்று சொல்கிறேன். 2020-இல் வந்த சாம்சங் எக்ஸ்கவர் புரோ போல, பின்மூடியைக் கையால் கழற்றக்கூடிய, ரப்பர் கேஸ்கெட் உள்ள ஐபி68 கருவிகள் இருக்கின்றன. அவற்றிலும் டிஸ்ப்ளே ஒட்டப்பட்டதுதான். ஆனால் பேட்டரி மாற்றுவதற்காக அந்த ஒட்டைத் தொட வேண்டியதில்லை. கேஸ்கெட்டில் பஞ்சு படிந்தால் அங்கேயே துடைத்துவிடலாம்.

போனை வாங்க வருபவர்களில் சிலர் மட்டும், "ஏனுங்கண்ணா, பழையபடி தண்ணிக்குத் தாங்குமுங்களா?" என்று கேட்பார்கள். ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் என்ற ஆய்வக அளவு என்றும், சோப்பு நீருக்கும் சாயத் தொட்டிக்கும் அது பொருந்தாது என்றும், பிரிக்காத போனிலேயே நாளாக ஆக அது குறையும் என்றும் சொல்லிவிட்டு, "மழைத்தூறலுக்குப் பயமில்லைங்க, தண்ணியில முக்காதீங்க" என்று முடிக்கிறேன். காற்றழுத்தமானி உள்ள போனாக இருந்தால், அவர் முன்னாலேயே அளவைத் திரையில் காட்டி, கண்ணாடியை மெல்ல அழுத்துகிறேன். ஒட்டு மூடியிருந்தால் எண் சற்று ஏறி, காற்றுப் படலம் வழியாக மெல்ல இறங்கும். அசையாமல் நின்றால், எங்கோ ஒரு மூலை திறந்திருக்கிறது என்று பொருள். அப்போது காசு வாங்காமல் மறுபடி திறக்கிறேன்.

ஒட்டு ஆறும் வரை காத்திருக்க யாருக்கும் நேரமில்லை என்பதுதான் இதில் உண்மையான தடை. தறி ஓடும் நேரத்தில் போன் இல்லாமல் இருக்க முடியாது என்பது நியாயம். அதற்காகப் பழைய போன்கள் இரண்டைச் சரிசெய்து சிம் மாற்றிக் கொடுக்க வைத்திருக்கிறேன். எடைக்கல்லுக்கு அடியில் இருக்கும் போனின் மேல் ஒட்டிய நேரத்தை எழுதிய தாள் இருக்கும்; அந்த நேரம் 24 மணியைக் கடந்த பிறகுதான் கல்லை எடுக்கிறேன்.